429 கோடியைக் கவிழ்த்த 641

ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைச் சும்மா படித்தால் பாதி சுவைதான். கூடவே கணக்குப் போட்டுப் பார்த்தால் முழுச் சுவையும் கிடைக்கும்.

முதலில் தாளின் நடுவில் பெரிதாக இந்த எண்ணை எழுதுங்கள்.

4,29,49,67,297

படிக்க முடிகிறதா? நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! மூச்சு வாங்குகிறது அல்லவா? நொடிக்கு ஓர் எண் வீதம், தூங்காமல் சாப்பிடாமல் எண்ணினால்கூட இதை எண்ணி முடிக்கச் சுமார் 136 ஆண்டுகள் ஆகும்.

பெரிய எண் என்பதற்காக இதை நான் எடுக்கவில்லை. எண்ணுக்கா பஞ்சம்? இதைவிடப் பெரிய எண்ணை நீங்களே எழுதிவிடுவீர்கள், ஒரு சைபர் சேர்த்தால் போயிற்று! ஆனால், உலகத்தின் மிகச்சிறந்த கணித மேதைகளில் ஒருவரை ஏமாற்றிய எண் இது. அந்த ஏமாற்றம் வெளிப்பட 92 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த எண்?

சதுரங்கப் பலகையும் நெல்மணியும் கதை உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் 2, அதற்கடுத்து 4, 8, 16... இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் 33-ஆவது கட்டத்தில் எத்தனை மணிகள் இருக்கும் தெரியுமா? 4,29,49,67,296. அதனுடன் ஒன்றே ஒன்றைக் கூட்டினால் நம் எண்!

அதாவது, 2-ஐ 32 முறை எழுதிப் பெருக்கி, விடையுடன் 1 கூட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது வீட்டில் இருந்தால் 4,29,49,67,296 என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள்தான். 32 இடங்களில் 0 அல்லது 1 போட்டு எத்தனை விதமாக எழுதலாம் என்று கணக்கிட்டால் இதே எண்தான் வரும். இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் மொத்தம் இருந்த முகவரிகளும் இத்தனைதான்.

சரி, கம்ப்யூட்டர் இருக்கட்டும். நம் கதை நடந்தபோது கம்ப்யூட்டரும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. இறகுப் பேனாவும் மைக்கூடும்தான்.

பகா எண் நினைவிருக்கிறதா?

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண், பகா எண். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் பகா எண்கள். 15-ஐ 3 × 5 என்று பிரித்துவிடலாம், ஆகவே அது பகு எண். 1 இரண்டிலும் சேராது.

இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் கரும்பலகையில் பகா எண்களை வேகமாக எழுதிக்கொண்டே போனேன். 79, 83, 89, 91, 97... கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு” என்று வாய்ப்பாடு சொன்னாள். வகுப்பே சிரித்தது. நான் 91-ஐ அழித்தேன். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஆனால் பகு எண்! அன்றிலிருந்து எந்த எண்ணையும் முகத்தைப் பார்த்து நம்புவதில்லை.

ஓர் எண் பகா எண்தானா என்று எப்படிச் சோதிப்பது? சின்னச் சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். எதுவரை? அந்த எண்ணின் வர்க்க மூலம் வரை போனால் போதும். ஏனென்றால், ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால் இரண்டுமே வர்க்க மூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்குத்தொகை எண்ணைத் தாண்டிவிடுமே! 91-க்கு வர்க்க மூலம் 9-க்கும் 10-க்கும் நடுவில். எனவே 2, 3, 5, 7 என்ற நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். (அதைக்கூட நான் அன்று செய்யவில்லை!)

நம் பெரிய எண்ணை இப்போது சோதியுங்கள். கடைசி இலக்கம் 7. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59. எனவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 இவற்றாலும் வகுபடாது. வேண்டுமானால் வகுத்துப் பாருங்கள். இப்படியே எதுவரை போக வேண்டும்? இதன் வர்க்க மூலம் 65,536-க்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுக்க வேண்டும்! ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் மூன்று மாதம் ஆகும்.

ஃபெர்மா சொன்னது

பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரத்தில் பியர் டி ஃபெர்மா என்று ஒருவர் இருந்தார். நீதிமன்றத்தில் பெரிய பதவி. கணிதம் அவருக்குத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. ஆனால், அந்தப் பொழுதுபோக்கில் அவர் கண்டுபிடித்தவற்றை இன்றும் கல்லூரிகளில் படிக்கிறார்கள். புத்தகம் எழுதி வெளியிடும் வழக்கம் அவருக்கு இல்லை. கண்டுபிடித்ததைக் கடிதத்தில் எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்.

1640-ல் அப்படி ஒரு கடிதத்தில் ஓர் எண் வரிசையை எழுதினார். அந்த வரிசையை நீங்களே உண்டாக்கலாம். 3-ல் தொடங்குங்கள். ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். அதனுடன் 1 கூட்டுங்கள். அடுத்த எண் கிடைத்துவிடும்!

3-லிருந்து 1 போனால் 2. இரண்டிரண்டு நாலு, ஒன்று கூட்டினால் 5.
5-லிருந்து 1 போனால் 4. நாலுநாலு பதினாறு, ஒன்று கூட்டினால் 17.
அடுத்து 16 × 16 + 1 = 257.
அடுத்து 256 × 256 + 1 = 65,537.
அடுத்து 65,536 × 65,536 + 1 = 4,29,49,67,297.

நம் எண் வந்துவிட்டதா? வரிசையில் ஆறாவது. 17-லிருந்து எல்லா எண்களும் 7-ல் முடிவதைக் கவனித்தீர்களா? 16 என்பது 6-ல் முடிகிறது. ஆறாறு முப்பத்தாறு. 6-ல் முடியும் எண்ணை அதனாலேயே பெருக்கினால் மறுபடியும் 6-ல்தான் முடியும். ஒன்று கூட்டினால் 7.

ஃபெர்மா இந்த எண்களைச் சோதித்தார். 3 பகா எண். 5 பகா எண். 17 பகா எண். 257-ம் பகா எண். 65,537? அதுவும் பகா எண்! ஐந்துக்கு ஐந்தும் சரியாக வந்துவிட்டன. அப்படியானால் ஆறாவதும், ஏழாவதும், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் முடிவுகட்டினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால், ஏராளமான வகுத்திகளை விலக்கிப் பார்த்துவிட்டதாகவும், தனக்குச் சந்தேகம் இல்லை என்றும் சொன்னார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர் அடித்தவர் ஆறாவதும் அடிப்பார் என்றுதானே நினைப்போம்! அதுவும் சொன்னவர் ஃபெர்மா. அவர் நிரூபணம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போன பல உண்மைகளைப் பின்னால் வந்தவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். எனவே யாரும் சந்தேகப்படவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

1665-ல் ஃபெர்மா இறந்துபோனார். ஆறாவது எண் பகா எண்ணாகவே உலகில் உலா வந்துகொண்டிருந்தது.

ஒரு பின்குறிப்பு

காட்சி இப்போது ரஷ்யாவுக்கு மாறுகிறது. அங்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் அறிவியல் கழகத்தில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். பெயர் லியோன்ஹார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707-ல் பிறந்தவர். அவருடைய நண்பர் கோல்ட்பாக் அப்போது மாஸ்கோவில் இருந்தார். 1729 டிசம்பர் 1-ஆம் தேதி கோல்ட்பாக் எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு பின்குறிப்பு. ‘இந்த வரிசை எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று ஃபெர்மா சொல்லியிருக்கிறாரே, உனக்குத் தெரியுமா? இதை யாரும் நிரூபித்ததாகத் தெரியவில்லையே’ என்பதுதான் அதன் சாரம்.

ஆய்லர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. மறுபடியும் எழுதினார். நல்ல நண்பர் என்றால் அப்படித்தான், விடாமல் நச்சரிக்க வேண்டும்! கடைசியில் ஆய்லர் பென்சிலை, தப்பு, இறகுப் பேனாவை எடுத்தார்.

1732-ல் ஆய்லருக்கு வயது 25. அந்த ஆண்டு அவர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதில் இருந்த செய்தி இதுதான்: ஃபெர்மாவின் ஆறாவது எண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது!

641 × 67,00,417 = 4,29,49,67,297

நம்பிவிடாதீர்கள். பெருக்கிப் பாருங்கள். 67,00,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4,02,02,50,200. 40-ஆல் பெருக்கினால் 26,80,16,680. ஒன்றால் பெருக்கினால் 67,00,417. மூன்றையும் கூட்டுங்கள். வந்துவிட்டதா?

92 ஆண்டுகள் பகா எண் என்று பெயர் வாங்கியிருந்த எண், மூன்றே வரிக் கூட்டலில் பகு எண் ஆகிவிட்டது.

ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

அந்தக் கட்டுரையில் விடையை மட்டும் சொன்னார், வழியைச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் வழியை விளக்கினார். அது ஒரு அற்புதமான வழி.

6,542 பகா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை என்று அவர் கண்டார். நம் எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும்! இதற்கான நிரூபணம் நீங்கள் இன்னும் கொஞ்சம் பெரியவர்கள் ஆனதும் புரியும். இப்போதைக்கு அதைச் சல்லடையாகப் பயன்படுத்துவோம்.

64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்கள் எவை? 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... 64-ன் வாய்ப்பாட்டில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இவற்றில் 65, 385 இரண்டும் 5-ஆல் வகுபடும். 129, 321, 513 மூன்றும் 3-ஆல் வகுபடும். அவை பகா எண்கள் அல்ல, தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பவை 193, 257, 449, 577, 641. ஐந்தே எண்கள்!

மூன்று மாத வேலை ஐந்து வகுத்தலாகச் சுருங்கிவிட்டது பார்த்தீர்களா?

அந்த ஐந்தையும் இன்னும் சுலபமாகச் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். மீதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம். எப்படி? 23-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. அப்படியானால் 23 × 23-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2 × 2, அதாவது 4. (529-ஐ வகுத்துச் சரிபாருங்கள்.) எண்ணைப் பெருக்குவதற்குப் பதில் மீதியைப் பெருக்கினால் போதும்!

நம் எண் 65,536 × 65,536 + 1 அல்லவா? 65,536-ஐ 641-ஆல் வகுங்கள். 641 × 102 = 65,382. மீதி 154. இப்போது 154 × 154 = 23,716. இதை 641-ஆல் வகுங்கள். 641 × 36 = 23,076. மீதி 640. அதனுடன் 1 கூட்டினால் 641. அதை 641-ஆல் வகுத்தால் மீதி? பூஜ்ஜியம்!

எனக்கு இதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ முறை செய்துவிட்டேன், 640 என்று மீதி வரும் இடத்தில் இன்றும் ஒரு சந்தோஷம்.

இதே வழியில் மற்ற நான்கையும் நீங்கள் செய்யுங்கள். 193-ஆல் வகுத்தால் மீதி 109 வர வேண்டும். 257-க்கு மீதி 2. 449-க்கு 325. 577-க்கு 288. இந்த நான்கிலும் தோற்ற பிறகு ஐந்தாவதில்தான் 641 மாட்டும். மாறி வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள், திரும்பப் போடுங்கள்.

ஃபெர்மா எங்கே தவறினார்?

எனக்கு மிகவும் வியப்பூட்டும் விஷயம் இதுதான். 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எழுதினால் 641 எத்தனையாவது தெரியுமா? 116-ஆவது. ஆய்லரின் சல்லடை எதுவும் இல்லாமல், வெறுமனே ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தால்கூட 116-ஆவது வகுத்தலில் ஃபெர்மாவுக்கு விடை கிடைத்திருக்கும். வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம்கூட இல்லை. இரண்டு நாள் வேலை!

அது மட்டுமா? 64-ஆல் வகுத்தால் மீதி 1 என்ற சல்லடைக்கு அடிப்படையாக இருப்பது ஃபெர்மாவே 1640-ல் கண்டுபிடித்த ஒரு விதிதான். ஆயுதமும் அவருடையது, எதிரியும் அவருடையது. அவர் பல வகுத்திகளை விலக்கியதாக எழுதியதைப் பார்த்தால், 641-ஐயும் வகுத்துப் பார்த்து, ஒரு இலக்கத்தில் தப்புப் போட்டு, ‘வகுபடாது’ என்று தாண்டிப் போயிருப்பார் என்பது என் ஊகம். என்னைப் போன்ற வாத்தியார் 91-ல் சறுக்கினால் ஒரு வகுப்பு சிரிக்கும். ஃபெர்மா 641-ல் சறுக்கினார், 92 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை.

இந்த எண் பகா எண் அல்ல என்று காட்ட இன்னொரு அழகான வழியும் உண்டு. சில எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். 13 = 9 + 4. 17 = 16 + 1. பகா எண்ணாக இருந்தால், அப்படி எழுத ஒரே ஒரு வழிதான் இருக்கும். 65-ஐப் பாருங்கள். 64 + 1 என்றும் எழுதலாம், 49 + 16 என்றும் எழுதலாம். இரண்டு வழி வந்துவிட்டதே! ஆகவே 65 பகு எண். நம் எண்ணுக்கு ஒரு வழி நமக்கு ஏற்கெனவே தெரியும்: 65,536-ன் வர்க்கமும் 1-ன் வர்க்கமும். இரண்டாவது வழி இதோ: 62,264-ன் வர்க்கம் 3,87,68,05,696. 20,449-ன் வர்க்கம் 41,81,61,601. கூட்டிப் பாருங்கள். 641 பெயரையே சொல்லாமல் குட்டு வெளிப்பட்டுவிட்டது!

அளவுகோலும் கவராயமும்

‘ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதில் என்ன வந்துவிடப்போகிறது?’ என்று கேட்கிறீர்களா? வந்தது. 64 ஆண்டுகள் கழித்து வந்தது.

உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் கவராயம் இருக்கும். அதையும், கோடு போட அளவுகோலையும் மட்டும் வைத்துக்கொண்டு சமபக்க முக்கோணம் வரைவீர்கள். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக இருக்கும் ஐங்கோணத்தையும் பழைய கிரேக்கர்கள் வரைந்தார்கள். ஏழு பக்கத்துக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்னேற்றமே இல்லை.

1796 மார்ச் 30-ஆம் தேதி, ஜெர்மனியில் காஸ் என்ற மாணவர், 17 சமபக்கங்கள் கொண்ட உருவத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை! 3, 5, 17... எங்கேயோ பார்த்த எண்கள் போல் இல்லை? ஆமாம், ஃபெர்மாவின் வரிசையேதான். பக்கங்களின் எண்ணிக்கை இந்த வரிசையில் வரும் பகா எண்ணாக இருந்தால் உருவத்தை வரைந்துவிடலாம். 257 பக்கம், 65,537 பக்கம் எல்லாம் முடியும். 65,537 பக்கங்களுக்கான வழியை எழுதி முடிக்க ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உழைத்தார்! அந்தக் கையெழுத்துப் பிரதி காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஆறாவது எண்ணுக்கு? அது பகா எண் இல்லையே, கதவு சாத்திவிட்டது. 641 மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால், 429 கோடிச் சொச்சம் பக்கங்கள் கொண்ட உருவமும் வரையக்கூடிய பட்டியலில் சேர்ந்திருக்கும்.

ஆனால், வேடிக்கையைக் கேளுங்கள். நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழியுங்கள். 4,29,49,67,295. இப்போது 3 × 5 × 17 × 257 × 65,537 என்று பெருக்கிப் பாருங்கள். அதே 4,29,49,67,295! ஃபெர்மாவின் முதல் ஐந்து எண்களின் பெருக்குத்தொகை இது. காஸ் கண்ட விதிப்படி இத்தனை பக்கங்கள் கொண்ட உருவத்தை வரையலாம். நம் எண்ணுக்குக் கிடைக்காத பெருமை, அதைவிட இரண்டே குறைந்த எண்ணுக்குக் கிடைத்துவிட்டது. (வரைந்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்! அத்தனை பக்கங்களை வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும்.)

அதற்குப் பிறகு?

வரிசையின் ஏழாவது எண்ணுக்கு 20 இலக்கங்கள்: 1,84,46,74,40,73,70,95,51,617. இதற்கும் ஆய்லரின் சல்லடை உண்டு. 64-க்குப் பதில் 128. ஆனால், முதல் காரணி வெகு தூரத்தில் ஒளிந்திருந்தது. 1880-ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அதை வெளியிட்டார்: 2,74,177. பல மாதங்கள் கையால் போட்ட கணக்கு. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர்! என்னைவிட மூத்தவர் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இன்னொரு காரணி 6,72,80,42,13,10,721. இரண்டையும் பெருக்கும் வேலையை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது எண்ணுக்கு 39 இலக்கங்கள். அதைக் காரணிப்படுத்த 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கம்ப்யூட்டர் உதவியோடு செய்து முடித்தார்கள்.

ஆறாவது எண்ணிலிருந்து முப்பத்து மூன்றாவது எண் வரை எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள். ஒன்றுகூடப் பகா எண் இல்லை! பாவம் ஃபெர்மா. அவர் சோதித்த முதல் ஐந்துதான் பகா எண்கள். அவற்றுக்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இனி வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. முப்பத்து நான்காவது எண்ணின் நிலை இன்னும் தெரியவில்லை.

இருபத்தோராவது எண்ணின் கதை இன்னும் விசித்திரம். அதில் 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்று கம்ப்யூட்டர் மூலம் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டார்கள். ஆனால், அதை மீதியில்லாமல் வகுக்கும் எண் எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு காரணிகூட இதுவரை அகப்படவில்லை. அந்த எண்ணுக்கான 641 எங்கோ இருக்கிறது. அதைப் பிடிக்க இன்னும் ஓர் ஆய்லர் வரவில்லை.